மூக்கு மட்டும் துரை

அத்தியாயம் ஏழு

பதுளையில் எல்லாருக்கும் மூக்கு இருந்தது. விளக்கு எரிகிற மூக்கு ஜௌபர் ஹாஜியாரின் காருக்கு மட்டும்தான் இருந்தது.

கார் ஒரு வூல்ஸ்லி. முன்பக்கக் கிரில்லின் நடுவில், நெற்றிப்பொட்டு இட்டது போல, சின்னதாக ஒரு கண்ணாடி வில்லை. சுவிட்சைத் தட்டினால் அதற்குள்ளே மஞ்சள் வெளிச்சம் வரும். இருட்டினால் போடுவதுதான் உலக வழக்கம். ஹாஜியார் பட்டப்பகலிலும் போட்டுக்கொண்டு போவார். ஜவுளிக்கடை வாசலில் இறங்கும்போது, "துரைட கார். ஒரிஜினல்" என்பார். யாரும் கேட்கத் தேவையில்லை. கேட்காதவர்களுக்கு இரண்டு முறை சொல்வார்.

எந்தத் துரை? பசறைக்கு மேலே நெல்லிமலைத் தோட்டத்து மக்கின்டயர் துரை. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் துரை சீமைக்குப் போனார். பங்களாவில் சமைத்த தம்பையா அப்புவுக்குக் காரை விட்டுப் போனார். அப்பு அதை ஹாஜியாருக்கு விற்றான். புதுக் கார் இறக்குமதிக்கு வழியில்லாத அந்தக் காலத்தில், பணம் இருந்தவர்களெல்லாம் போன துரைமாரின் பழைய கார்களில் ஏறித்தான் துரைகளாகிக்கொண்டிருந்தார்கள். ஹாஜியாரும் ஆனார். அதுவரை எல்லாம் ஒழுங்கு.

முந்தாநாள் காலை கடை டெலிபோன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"மொதலாளி, நீங்க ஏறிக்கிட்டுத் திரியிறது துரை காரு இல்லீங்க. ஒட்டு வேலை. விசாரிச்சுப் பாருங்க."

வைத்துவிட்டாள். ஹாஜியார் அதற்குப் பிறகும் வெகுநேரம் டெலிபோனைக் காதில் வைத்திருந்தார், அது மன்னிப்புக் கேட்கும் என்று எதிர்பார்த்தவர் போல.

நாளைக்கு அவருடைய மகள் காமிலாவின் நிக்காஹ். மாப்பிள்ளையை அழைத்துவர இந்தக் கார்தான் பண்டாரவளைக்குப் போக வேண்டும். சம்பந்தி மொஹிதீன், கொடுத்த பிளேன்டீயைக்கூடச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குடிக்கிற மனிதர். அவரிடம் ஹாஜியார் நிச்சயதார்த்தத்தன்றே சொல்லியிருந்தார்: "ஒங்கட மகன் துரைட வூல்ஸ்லியில வருவார்." அதில் ஒட்டு இருந்தால், சம்பந்தத்திலும் ஒட்டு இருக்கும் என்று அவர் முடிவு கட்டிவிடுவார்.

தம்பையா அப்புவைப் பிடிக்க வழியில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டான். ஆனால் சட்டி கழுவிய அப்புவுக்குக் காரை ஒட்டுப்போடத் தெரியாது. அப்படியானால் ஒட்டியவன் ஒருவன் இருக்கிறான். இந்த மலைநாட்டிலேயே எங்கேயோ இருந்துகொண்டு சிரிக்கிறான். அவன் சிரிப்பதை நினைக்கும்போதெல்லாம் ஹாஜியாருக்கு நெஞ்சு எரிந்தது. மருமகனாக வரப்போகிறவனின் முகம்கூட அவர் மனதில் அவ்வளவு தெளிவாக இல்லை. முகம் தெரியாத அந்த ஒட்டுக்காரனின் முகம்தான் சாப்பாட்டிலும் தொழுகையிலும் முன்னால் வந்து நின்றது.

ஆகவேதான், கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், தன் டிரைவருக்கு லீவு கொடுத்துவிட்டு, வீட்டு முற்றத்தில் துப்பறியும் சிவஞானத்தை எதிர்பார்த்து நின்றார்.

சிவஞானம் ஒரு காலத்தில் தோட்டத்துப் பெரிய கிளாக்கராக இருந்தவர். இப்போது பதுளையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அறை எடுத்து, காணாமல் போனவற்றைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். கறுப்புக் குடை ஒன்றுடன் வந்தார். கூடவே அவருடைய உதவியாளன் ஷுக்ரி. வேலை தேடி அலுத்து, கடைசியில் வாயையே தொழிலாக்கிக்கொண்டவன்.

"பூதக்கண்ணாடி கொண்டு வரல்லியா?" என்று கேட்டார் ஹாஜியார்.

"கண்ணு நல்லாத் தெரியுதுங்க," என்றார் சிவஞானம்.

"சரி, முதல்ல இதைக் கேளுங்க. ஆளைக் கண்டுபிடிச்சு என்ட கையில தாங்க. பேரைச் செல்லுங்க, போதும். பொலிசு, கோட்ஸ், நகரசபை எல்லாம் எனக்குத் தெரிஞ்ச ஆக்கள்தான். அவனை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்து, சனம் பாக்க, இந்த ஊரை விட்டே தள்ளுறன்."

"முன்னாலயா, பின்னாலயா ஹாஜியார்?" என்றான் ஷுக்ரி.

"என்னது?"

"தள்ளுறதுதான். பின்னால இருந்து தள்ளுறதுதான் லேசு."

ஹாஜியார் அவனைப் பார்க்காதது போல், கார் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "இந்தாங்க. இதுல துரைட கையெழுத்து. ஒரிஜினல்."

சிவஞானம் கையை நீட்டவில்லை. "அது அசலாத்தாங்க இருக்கும். நீங்க புத்தகத்துலயா ஏறிப் போறீங்க?"

காரை ஒரு சுற்று வந்தார். இடப்பக்கம் பின்கதவுக்கு வந்ததும் நின்று கைப்பிடியை இழுத்தார். அது அசையவில்லை.

"அது திறக்காது," என்றார் ஹாஜியார். குரலில் ஒரு பெருமை ஏறியது. "துரை ஒரு நாய் வச்சிருந்தார். அந்தக் கதவுப் பக்கம்தான் அது இருக்குமாம். ஓடுற கார்ல இருந்து பாஞ்சிடும் எண்டு, துரையே அடைப்பிச்சு வச்சார். அப்பு செல்லித்தான் எனக்கும் தெரியும். திருத்தவா எண்டு கேட்டான் ஒரு மெக்கானிக். தொடாதே எண்டுட்டன். அது ஹிஸ்டரி."

ஷுக்ரி பின்சீட்டுக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்தான். "துரை ஏறினாரோ இல்லியோ, நாய் ஏறல்ல ஹாஜியார். ஒரு முடி இல்ல. இல்லாட்டி அதுவும் துரையோட சீமைக்குப் போகக்குள்ள முடியையெல்லாம் பொறுக்கிக்கிட்டுப் போயிருக்கும்."

சிவஞானம் இப்போது அதே பக்கம், கதவுக்கு மேலே கூரை விளிம்பில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். வர்ணத்துக்குக் கீழே தகடு இலேசாகக் குழிந்திருந்தது. கை அந்தக் குழிவில், செருப்பில் கால் நுழைவது போல், பொருந்தி உட்கார்ந்தது.

"இது என்னாங்க?"

"ஆலங்கட்டி மழை," என்றார் ஹாஜியார். இதையும் அப்புதான் சொல்லியிருந்தான்.

"அஞ்சு விரல் உள்ள மழை," என்றான் ஷுக்ரி.

"துரைமாரு காரை யாரும் கையால அடிக்க மாட்டாங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் சிவஞானம். பிறகு வானத்தைப் பார்த்தார். மார்கழித் தூறல் விழத் தொடங்கியிருந்தது. அவருக்கு முகம் மலர்ந்தது. "நல்ல மழைங்க. வாங்க, நெல்லிமலைத் தோட்டம் வரைக்கும் ஓடிப் பாப்போம். ஷுக்ரி, நீ ஓட்டு."

"அங்க யாரைக் கேக்கப் போறீங்க?" என்றார் ஹாஜியார்.

"யாரையும் கேக்க மாட்டேங்க. கேட்டா, மொதலாளிக்கு எது பிடிக்கும்னு பாத்து ஆளுக்கொண்ணு சொல்லும். குடை பொய் சொல்லாது."

*

பசறையைத் தாண்டி, தோட்டத்து றோட்டில் கார் ஏறியது. மூக்கு விளக்கு எரிந்தது. ஹாஜியார் பட்டுச் சாரம், கறுப்புக் கோட்டு, துருக்கித் தொப்பியுடன் பின்சீட்டில் நிமிர்ந்திருந்தார்.

குடையின் சங்கதி இதுதான். துரை கார் வருகிறதென்றால், எதிரே வருகிறவன் கொட்டுகிற மழையிலும் குடையை மடக்கி, தலைத்துண்டை இறக்கி, பள்ளத்தோரம் ஒதுங்கி நிற்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் இப்படி எழுதவில்லை. தோட்டத்து ஆட்களின் முழங்கையில் எழுதியிருந்தது. துரைமார் போனார்கள், தோட்டம் அரசாங்கத்துக்கு வந்தது, பத்திரிகைகளிலெல்லாம் போட்டார்கள். முழங்கைக்கு மட்டும் யாரும் அறிவிக்கவில்லை.

முதல் திருப்பத்தில் எதிரே ஒரு பழைய கங்காணி குடையோடு இறங்கி வந்தார். காரைக் கண்டார். அவ்வளவுதான்: குடை மடங்கியது, தலைத்துண்டு தோளுக்கு இறங்கியது, ஆள் பள்ளத்தோரம் போய் நின்றார். கார் கடந்தபோதுதான், உள்ளே இருந்தது துரை அல்ல, துணிக்கடைக்காரர் என்று கண்டு, நனைந்தது வீணாய்ப் போன முகத்தோடு மறுபடி குடையை விரித்தார்.

ஹாஜியார் அதைப் பார்க்கவில்லை. பதிலுக்குக் கையை உயர்த்துவதில் மும்முரமாக இருந்தார்.

"பாத்தீங்களா! ஒரிஜினல்! அந்தப் பொம்பிளை பொய் செல்லியீக்கிறாள். எல்லாம் பொறாமை!"

"ஆமாங்க," என்றார் சிவஞானம். "முன்னால இருந்து வந்தவருக்கு அசல்."

"அதென்ன, முன்னால இருந்து?"

றோட்டு செங்குத்தாக ஏறியது. ஷுக்ரி மூன்றாம் கியருக்கு மாற்றினான். காரின் அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. பல்வலிக்காரன் விடியற்காலையில் முனகுவது போல நீண்டு, வளைந்து, மலையில் மோதித் திரும்பி வந்தது. ஹாஜியாருக்கு அந்தச் சத்தம் பழக்கம்தான். வூல்ஸ்லியின் பாட்டு என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார்.

எஸ்டேட் பஸ் வராத அந்த வளைவில், மூன்று பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு குடைபிடித்து நடந்தார்கள். கார் அவர்களுக்குப் பின்னால் முனகிக்கொண்டு வந்தது. குடைகள் மடங்கவில்லை. ஒருத்தியும் திரும்பவில்லை. பேசிக்கொண்டிருந்த பேச்சுக்கூட நிற்கவில்லை. மூன்று பேரின் கைகளும் மட்டும், ஒன்றாக, பக்கவாட்டில் நீண்டு, உள்ளங்கை கீழே பார்க்க, மேலும் கீழும் ஆடின.

காரை நிறுத்துகிற கை. ஏறுவதற்காக நீட்டுகிற கை.

"நிப்பாட்டாதே!" என்றார் ஹாஜியார்.

"நிப்பாட்டு," என்றார் சிவஞானம்.

கார் நின்றது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்து, உள்ளே இருந்த துருக்கித் தொப்பியைக் கண்டு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். மூன்றாமவள் பாக்கியலெட்சுமிக்குக் கன்னம் வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல். தொப்பியெல்லாம் பார்க்கிற நிலையில் அவள் இல்லை. நேரே இடப்பக்கம் பின்கதவுக்கு வந்தாள்.

"அது திறக்..." என்று ஆரம்பித்தார் ஹாஜியார்.

கைப்பிடியை மேலே தூக்கினாள். முழங்காலால் கீழே ஓர் இடி. இழுத்தாள். மக்கின்டயர் துரையும் அவர் நாயும் சேர்ந்து அடைத்துவைத்த ஹிஸ்டரி, ஒரு கிறீச்சுச் சத்தத்துடன் திறந்துகொண்டது. ஏறி உட்கார்ந்து, ஈரக் குடையை ஹாஜியாரின் பட்டுச் சாரத்தின் மீது சாய்த்து, மூட்டையை மடியில் வைத்து, கதவை அறைந்து சாத்தினாள்.

"மேல தோட்டத்து ஆஸ்பத்திரிகிட்ட எறக்கிவிடுங்க, மாடசாமிண்ணே."

ஷுக்ரி மெல்லத் திரும்பினான். "நான் மாடசாமி இல்ல அக்கா. ஆனா ஒரு பல்லுக்கு ஒரு ஹயர் எண்டா போகலாம்."

"அட, அண்ணன் இல்லியா?" அவள் இப்போதுதான் சுற்றிப் பார்த்தாள். "டிரைவர் போட்டுட்டாரா? பெயின்ட்டும் மாத்தி, மெத்தையும் மாத்தி... நாலு வருசமா வண்டியைக் கண்ணுல காணோமே. நான் வித்துட்டாருன்னுல்ல நெனச்சேன்."

"பார்க்காமலே எப்படிம்மா கையை நீட்டுனீங்க?" என்றார் சிவஞானம்.

"இது என்னாங்க கேள்வி? பசறைக்கும் பதுளைக்கும் எத்தன வருசம் இதுல போயிருக்கோம். என் ரெண்டாவது புள்ளைக்கு இந்த வண்டியிலதான் வலி எடுத்துச்சு. ஏத்தத்துல இது அழுவுறது எனக்குத் தெரியாதா?"

"பொய்!" என்று கத்தினார் ஹாஜியார். "இது துரைட கார்!"

பாக்கியலெட்சுமி அவரை இரக்கத்தோடு பார்த்தாள். அவளுக்குப் பல், இவருக்கு வேறு எங்கேயோ வலி என்று எண்ணிக்கொண்டாள்.

சிவஞானம் முன்சீட்டிலிருந்து திரும்பி, சாவகாசமாகச் சொன்னார்: "முன்னால வந்த கங்காணி மூக்கைப் பாத்தாருங்க. குடை மடங்குச்சு. திரும்பாம நடந்தவங்க சத்தத்தைக் கேட்டாங்க. கை நீண்டுச்சு. மூக்கு மட்டும் துரை. மத்ததெல்லாம் வாடகைக்கு ஓடுற ஹயர் காரு. நீங்க சொன்ன ஆலங்கட்டி மழை, ஆளை ஏத்திட்டு, 'ரைட்!'னு அடிச்சு அனுப்புற கைங்க. வருசக்கணக்கா அடிச்சா தகரமும் உள்வாங்கும்."

"யாரு அந்த மாடசாமி?"

ஜௌபர் ஹாஜியார் உண்மையாகவே கேட்டார். அவர் அந்தப் பெயரை மறந்துவிட்டார் என்று சொல்வது பிழை. மறக்க வேண்டுமானால் முதலில் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

"பசறை பஜாருக்கு மேல, மேட்டுல கராஜ் வச்சிருக்காருங்க," என்றாள் பாக்கியலெட்சுமி. "'தள்ளு மாடசாமி'ன்னு கேட்டா சின்னப் புள்ளையும் காட்டும்."

"போடா கராஜுக்கு!" ஹாஜியாருக்கு மூச்சு வாங்கியது. "இண்டைக்கு அவன்ட கடைசி நாள்!"

"அப்ப ஆஸ்பத்திரி?" என்றான் ஷுக்ரி.

"நான் இருக்கேன் தம்பி," என்றாள் பாக்கியலெட்சுமி, நன்றாகச் சாய்ந்துகொண்டு. "பல்லு எங்கயும் ஓடிப் போகாது."

*

கராஜ் என்பது மேட்டில் நான்கு கால்களில் நின்ற ஒரு தகரக் கூரை. அங்கிருந்து பாதை நேரே பசறை பஜாருக்கு இறங்கியது. தூறல் விட்டு வெயில் எட்டிப் பார்த்திருந்தது. ஒரு பெண் பாதையோரக் கயிற்றில், நீலத்தில் ஒரேயொரு வாயில் துணிச் சேலையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு லொறிக்கு அடியிலிருந்து மெலிந்த மனிதன் ஒருவன் ஊர்ந்து வெளியே வந்தான். முதலில் காரைப் பார்த்தான். பிறகுதான், அதிலிருந்து இறங்கிய ஆளைப் பார்த்தான். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு, கூரை விளிம்பில் உள்ளங்கையை வைத்தான். அந்தக் குழிவு அவன் கைக்கும் பொருந்தியது.

"நீதானா மாடசாமி? நீதான் என்னை ஏமாத்தினவனா?" ஹாஜியாரின் தொப்பிக் குஞ்சம் ஆடியது. "ஒன்ட கையை ஒடைப்பன்! ஒன்ட கராஜுக்குச் சீல் வைப்பன்! நான் யாரெண்டு தெரியுமா?"

"தெரியுங்க," என்றான் மாடசாமி.

அவ்வளவு சுருக்கமாக யாரும் ஹாஜியாரைத் தெரியும் என்று சொன்னதில்லை. அவர் தடுமாறினார்.

"இந்த வண்டியைப் பத்திச் சொல்லுங்க," என்றார் சிவஞானம்.

"ஒளிக்க ஒண்ணுமில்லீங்க. ஒடம்பு என்னோட ஆஸ்டின். ஆஸ்டினும் வூல்ஸ்லியும் ஒரு வயித்துப் புள்ளைங்க. ஒடம்பு ஒண்ணுதான், மூக்குதான் வேற. துரையோட வூல்ஸ்லி பெரகல வளைவுல பள்ளத்துல போயிருச்சு. துரைக்கு ஒண்ணுமில்ல, நாய்க்கும் ஒண்ணுமில்ல. வண்டி பின்பக்கமா விழுந்துச்சு, மூக்கும் உள்ள இருந்த மரப் பலகையும் மட்டும் பொழைச்சுச்சு. தூக்கிட்டு வந்து நான் வச்சிருந்தேன். புத்தகம் அப்புகிட்ட இருந்துச்சு. ஒண்ணுக்கு மூக்கில்ல, ஒண்ணுக்கு ஒடம்பில்ல. சேத்து வச்சேன்."

"கேட்டீங்களா, ஒத்துக்கிறான்!" ஹாஜியார் துள்ளினார். "நீங்க சாட்சி! இப்பவே பொலிசுக்குப் போவம்!"

"போங்க," என்றது ஒரு குரல்.

சேலை காயப்போட்ட பெண். மாடசாமியின் மனைவி ராசம்மா. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பொலிசுக்கும் போங்க, கோட்டுக்கும் போங்க. எங்க வேணும்னாலும் நல்லா விசாரிச்சுப் பாருங்க, மொதலாளி."

விசாரிச்சுப் பாருங்க. ஹாஜியாரின் காதுக்குள் கடை டெலிபோன் மறுபடி அடித்தது.

"நீ... நீயா டெலிபோன்ல பேசின?"

"நாந்தாங்க."

ஷுக்ரி சீட்டி அடித்தான். சிவஞானத்தின் புருவம்கூட ஒரு மயிரிழை உயர்ந்தது. குற்றவாளியே புகார் கொடுத்த கேஸ் அவருக்கும் இதுதான் முதல்.

"ஏமாத்தினவங்களே கூப்பிட்டுச் செல்லுறதா? என்னத்துக்கு?"

"நீங்க தெரியாம ஏறிக்கிட்டுத் திரிஞ்சா எனக்கு அதுல என்னாங்க இருக்கு?" என்றாள் ராசம்மா. "தெரிஞ்சு ஏறணும். புள்ளை கல்யாணத்துக்குப் போற நேரம் பாத்துத் தெரியணும். அதுக்காகத்தான் இவ்வளவு நாளும் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

"நான் ஒங்களுக்கு என்ன செஞ்சன்?"

"பாத்தியா," என்றாள் அவள் கணவனைப் பார்த்து. "நான் சொன்னேன்ல, இவருக்கு ஞாபகமே இருக்காதுன்னு."

மாடசாமி தலை குனிந்துகொண்டான். அவள் சொன்னாள்.

பதுளையில் ஹாஜியாரின் புதிய ஜவுளிக்கடை திறந்த நாள். வாழைமரம், மாலை, வெளியூர்ப் பிரமுகர்கள். கடைக்கு முன்னால் ஹயர் கார்கள் நிற்கிற இடம். முதலாவதாக மாடசாமியின் கார். பின்சீட்டில் அவனுக்குச் சோறு கொண்டுவந்த ராசம்மா. கண்ணாடிக்குப் பின்னால் பட்டுச் சேலைகள். மாடசாமி சாவியைப் போட்டான்.

"ஸ்டார்ட் பண்ணாதே! புகை என்ட சாரியில படும்! அந்தத் தகரப் பொட்டியைத் தள்ளிக்கிட்டுப் போ!" என்றார் ஹாஜியார். பிரமுகர்கள் சிரித்தார்கள். யாரோ ஒருவர் கை கொடுக்க வந்தபோது, "விடு, அவனே தள்ளட்டும்" என்றார். பிரமுகர்கள் இன்னும் சிரித்தார்கள். மாடசாமி கடைவீதி முழுவதும் மேட்டில் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். அடுத்த வாரம் அந்த ஹயர் ஸ்டாண்டையே நகரசபை எடுத்துவிட்டது. ஸ்டாண்ட் இல்லாத ஹயர் காரில் யார் ஏறுவார்கள்? ஊர் அவனுக்குக் கொடுத்தது ஒரு பெயர் மட்டும்தான்: தள்ளு மாடசாமி.

"இவரு ஒண்ணும் பேசல," என்றாள் ராசம்மா. "நாந்தான் பேசினேன். 'மொதலாளி, இந்த வண்டியில நீங்க ஒரு நாளைக்கு ஏறுவீங்க. ஏறுனா எறங்க முடியாது'ன்னேன். அதுக்கும் சிரிச்சீங்க."

ஹாஜியாருக்கு நினைவு வந்தது. அந்தப் பெண்ணோ அந்த மனிதனோ அல்ல. அந்தச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அன்று அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதும் வந்தது.

"ஒங்க காசு எங்களுக்கு வரல," என்றாள் அவள். "ஊருக்குப் போறப்ப அப்பு கையில ஒண்ணுமில்ல. வித்துக்கன்னு குடுத்தோம். ஒண்ணே ஒண்ணுதான் சொன்னோம்: ஜௌபர் மொதலாளிக்கு மட்டுந்தான் விக்கணும்."

ஹாஜியார் சிவஞானத்தைப் பார்த்தார். பார்வையில் முதல் தடவையாக ஒரு கெஞ்சல். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஏதாவது செய்யுங்க!"

"ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்னீங்க, கண்டுபிடிச்சாச்சுங்க," என்றார் சிவஞானம். "பழிவாங்குறதுல நான் தலையிடறதில்ல. அதுவும் நடந்துக்கிட்டு இருக்கிறப்ப. ஒண்ணு மட்டும் சொல்றேன். கோட்டுக்குப் போனா நீதவான் கேப்பாரு: நீங்க தகரப் பொட்டின்னு தள்ளச் சொன்ன காரா, நீங்க துரை காருன்னு ஏறிப்போன காரா, எது இது? ரெண்டும்னு சொல்லணும்."

"சத்தமாச் செல்லச் செல்லுவார்," என்றான் ஷுக்ரி. "பின்னால ஈக்கிறவங்களுக்கும் கேக்கணுமே."

ஹாஜியார் காரை நோக்கி நடந்தார். போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டார். நாளைக்கு மட்டும் ஓடட்டும். நாளை மறுநாள் தீ வைத்துக் கொளுத்திவிடலாம். "ஷுக்ரி, எடு!"

ஷுக்ரி ஏறிச் சாவியைத் தொட்டான்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க," என்றாள் ராசம்மா.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கயிற்றைக் காட்டினாள். அந்த ஒற்றை வாயில் சேலை, காரின் புகைக்குழாய்க்கு நேரே, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"என் சேலை காயுது. பொகை படும். தள்ளிக்கிட்டுப் போங்க, மொதலாளி."

"முடியாது!"

"சரிங்க. அப்ப நாளைக்கு நான் பண்டாரவளைக்கு வர்றேன். சம்பந்தி வீட்டு வாசல்ல, மாப்பிள்ளை ஏறுறப்ப, அந்த இடது பக்கக் கதவை ஒரு தரம் திறந்து காட்டுறேன். எப்படித் திறக்கும்னு கேப்பாங்க. சொல்றேன்."

சம்பந்தி மொஹிதீன் பிளேன்டீக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் காட்சி ஹாஜியாரின் கண்முன் வந்தது. இம்முறை கோப்பைக்குள் அவரே இருந்தார்.

கோட்டைக் கழற்றினார். மடித்துக் கூரைமேல் வைக்கப்போனார். அது ஹயர் காரின் கூரை என்று நினைவு வந்து, திரும்பவும் போட்டுக்கொண்டார். காருக்குப் பின்னால் போய் நின்றார். பின்னால் நின்று அந்தக் காரை அவர் நிதானமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பின்னாலிருந்து பார்த்தால், மூக்கும் இல்லை, விளக்கும் இல்லை. சந்தேகத்துக்கே இடமில்லாமல் அது ஒரு ஹயர் கார்.

ஷுக்ரி இறங்கிவந்து பக்கத்தில் கை வைத்தான். ராசம்மா அவனைப் பார்த்தாள். அவன் கையை எடுத்துக்கொண்டான். "ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேணுமே, ஹாஜியார்," என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டான். சிவஞானம் குடையை விரித்துக்கொண்டு நடந்தே வருவதாகச் சொன்னார். பாக்கியலெட்சுமி இறங்கவில்லை. அவள் நோயாளி.

ஹாஜியார் தள்ளினார். கார் அசையவில்லை. தொப்பி சரிந்தது. மறுபடி தள்ளினார்.

மாடசாமி இப்போது முன்னால் வந்தான். அவன் கை கொடுக்கப் போகிறான் என்று ஹாஜியார் நிமிர்ந்தார். மாடசாமி கையை ஓங்கி, கூரை விளிம்பில், அந்தப் பழைய குழிவின் நட்டநடுவில், பளார் என்று ஓர் அடி அடித்தான்.

"ரைட்!"

அந்த அடிக்குக் காத்திருந்தது போல், கார் இறக்கத்தில் உருளத் தொடங்கியது. முன்னால் மூக்கு விளக்கு எரிய, பின்னால் ஜௌபர் ஹாஜியார் குனிந்து ஓட, வூல்ஸ்லி பசறை பஜாருக்குள் இறங்கியது. கடைக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். பதுளையில் அவர் கடையில் துணி எடுக்கிறவர்கள், பண்டாரவளை பஸ்ஸுக்கு நின்றவர்கள், எல்லாரும் பார்த்தார்கள். மூக்கைக் கண்ட சிலர் வெயிலுக்குப் பிடித்திருந்த குடையை மடக்கினார்கள். பின்பக்கத்தைக் கண்டதும் விரித்தார்கள்.

பாக்கியலெட்சுமி திறக்காத கதவைத் திறந்து, வெளியே எட்டிப் பார்த்து, வீங்கிய கன்னத்தோடு, நல்ல மனதோடு, உற்சாகப்படுத்தினாள்:

"தள்ளு, ஹாஜியார்! தள்ளு, ஹாஜியார்!"

பஜார் அதைப் பிடித்துக்கொண்டது. பஸ் நின்ற இடத்திலிருந்தும் குரல் வந்தது.

அவள் சொன்னபோது நடுவில் ஒரு காற்புள்ளி இருந்தது. பஸ் பண்டாரவளைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.